உயிரோடிருப்பவனுக்கு இத்தா

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மாகிரட் முதல் வேலையாகக் கேற்றைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள். மகன் மெல்ரோய் திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. பின்னறையின் யன்னல் பகலிலும் சாத்தியே கிடந்தது. அன்புவழிபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அவன் வந்தது தெரியாது.

அவன் எங்கே போனான், எப்படி வந்தான் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவனுக்கும் தாய்க்கும் தங்கை நிலுஷாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இலங்கை ஆமியின் ஆட்டிலறி என்ற பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்தவன் மெல்ரோய். நாட்டில் சண்டை ஓய்ந்து பல வருசத்துக்குப் பிறகு சேர்ந்தவன். பயிற்சி மைதானத்து மண்மேட்டைத் தவிர வேறெதையும் சுட்டறியாதவன். தமிழ்ப் பெடியன் ஆமிக்குப் போனானென்று ஊரில் பாதிப்பேர் அவனோடு கதைப்பதை விட்டிருந்தார்கள். நாடு வங்குரோத்தான பிறகு, ரஷ்யாவில் களஞ்சியக் காவல் வேலை இருக்கிறதென்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பினான். லீவில் வந்தவன் முகாமுக்குத் திரும்பாமல் விமானம் ஏறினான். கிண்ணியாவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த கூட்டாளி நஸ்ரியையும், "வாடா, நான் இருக்கிறன்தானே" என்று கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். விளங்காத மொழியில் கையெழுத்து வாங்கினார்கள். உக்ரைன் போர்முனைக்கு ஏற்றினார்கள். தூரமும் கோணமும் கணக்குப் போடத் தெரிந்த ஓஃபிசர் என்று அறிந்ததும் மெல்ரோயிடம் ஒரு பீரங்கியை ஒப்படைத்தார்கள். நஸ்ரி அதற்கு ஷெல் தூக்கினான்.

போனவர்கள் இரண்டு பேர். தோளில் காயத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி, இன்னொரு நாடு சுற்றி வந்து சேர்ந்தவன் மெல்ரோய் மட்டும்தான். பங்கர் இடிந்து நஸ்ரி செத்துப்போனான் என்ற செய்தியையும் அவன்தான் கொண்டுவந்தான். அதை நம்பி, நஸ்ரியின் மனைவி றிஷானா கிண்ணியாவில் இத்தா இருக்கத் தொடங்கியிருந்தாள். புருசனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாசமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் முன் வராமல் வீட்டோடு இருக்கிற துக்கம் அது.

வியாழக்கிழமை ஆமிப் பொலிஸ் வந்து விசாரித்துப் போயிருந்தது. "மகன்ர முகத்தைக் கண்டு வருசக்கணக்காச்சு" என்று மாகிரட் கண் கலங்காமல் சொன்னாள். அவர்கள் போன பிறகுதான் குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தினாள்.

இன்றைக்கு வாசலில் வந்து நின்றது ஜீப் அல்ல, ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

"ஆர்?" மாகிரட் கேற்றுக்கு உள்ளே நின்று கேட்டாள்.

"நான்தான் தங்கச்சி. றிஷானாட வாப்பா, ஆதம்பாவா. தம்பியப் பார்க்கணும்."

"அவன் இஞ்ச இல்லை நானா."

"நான் ஆமிக்காரன் இல்ல தங்கச்சி. தம்பி இரிக்கிறது எனக்குத் தெரியும். மருமகன் மவுத்தெண்டு தம்பிதானே கோல் எடுத்துச் சொன்னது. கேற்றத் திறங்க. ஒரு விசயம் காட்டணும். நஸ்ரிட விசயம்."

மெல்ரோய்க்கு வலது காது முழுதாய்ச் செத்திருந்தது. பீரங்கியடியில் நின்றவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான். இடது காதில் மட்டும் அரைகுறையாய்க் கேட்கும். அந்த அரைகுறைக் காதில் நஸ்ரியின் பெயர் விழுந்ததும் அவன் எழும்பி வெளியே வந்துவிட்டான். மாகிரட் திரும்பிப் பார்த்து, "உள்ள போ" என்று வாயசைத்தாள். அவன் போகவில்லை. அவள் வேறு வழியில்லாமல் பூட்டைத் திறந்தாள்.

ஆதம்பாவா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே போனை நீட்டினார்.

"டுபாய்ல இரிக்கிற மருமகன்ட கூட்டாளி ஒருத்தன் அனுப்பினான். உக்ரைன்காரன் பிடிச்சு வெச்சிரிக்கிற கைதியள். பாருங்க."

வீடியோவில் வரிசையாய் ஆட்கள் நீள மரவாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலைகள். ஒரு பெண்குரல் அவர்களின் மொழியில் இடைவிடாமல் செய்தி சொல்லிக்கொண்டிருந்ததால் கைதிகள் பேசியது எதுவும் கேட்கவில்லை. மூன்றாவதாக இருந்தவன் கறுத்த பெடியன். ஒரு கண் தெரியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. யாரோ அவனிடம் ஒரு தகரக் கோப்பையை நீட்டினார்கள். அவன் வாங்கினான்.

"நஸ்ரிட கூடப்பொறந்த நானா பார்த்திட்டு இது அவன் இல்ல எண்டு சாதிக்கிறான். என்ட மகள் ஓம் எண்டுறாள். எனக்கு விளங்கல்ல மகன். முகம் இந்தளவுக்கு வீங்கினா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதே? கடைசியாக் கண்டது நீங்கதான். நீங்க சொல்லுங்க."

மெல்ரோய் கோப்பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். பெருவிரலில் நகம் இல்லை.

பனி உறைந்திருந்த ஒரு காலை, பீரங்கியின் பின்கதவு மூடும்போது நஸ்ரியின் பெருவிரல் அகப்பட்டது. பிறகு நகம் கறுத்துத் தொங்கியது. அதைப் பிடுங்கி எடுத்துத் துணி சுற்றியவன் மெல்ரோய்தான். "லெப்டினன்ட், நீங்க டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்று நஸ்ரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. நஸ்ரி சொல்லவேண்டாமென்றிருந்தான்.

அப்போது மாகிரட்டின் கை மகனின் தோளில் விழுந்தது. காயம்பட்ட தோள். அவள் விரல்கள் இறுகின.

"வடிவாப் பார்த்துச் சொல்லு தம்பி," என்றாள். "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு. அவையளுக்கு வீணா ஆசை காட்டாத."

மெல்ரோய் போனிலிருந்து கண்ணை எடுத்தான். "வடிவாத் தெரியேல்லை மாமா."

ஆதம்பாவா போனை மெதுவாய்ச் சாரன் மடிப்பில் சொருகினார். கோபப்படவில்லை. அதுதான் மெல்ரோய்க்குத் தாங்கவில்லை.

"லோயர் மிஸ் ஒண்டு சொன்னா," என்றார் போகும்போது. "கைதியள மாத்துவாங்களாம். இலங்கையில இருந்து இவன் எங்கட ஆள் எண்டு ஆரும் கேக்காட்டி, ரஷ்யாக்காரன்ட ஆளோட ஆளாச் சேத்துக் குடுத்திருவாங்களாம். குடுத்தா திரும்பவும் அதே பீரங்கியடிதான். மவுத்தாப்போன ஒருத்தன எங்கட ஆள் எண்டு ஆர் கேக்கிறது மகன்?"

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் மறைந்தது. மாகிரட் மறுபடி கேற்றைப் பூட்டினாள்.

*

பின்னறையில் மெல்ரோய் கட்டிலின் விளிம்பில் இருந்தான்.

பீரங்கிக்காரன் தான் அடித்த ஷெல் விழுகிற இடத்தைக் காண்பதில்லை. ரேடியோவில் ஓர் எண் வரும், அவன் கோணத்தைத் திருத்துவான், கயிற்றை இழுக்கச் சொல்வான். விழுந்தது பங்கரிலா, யாருடைய குசினியிலா என்று ஒருவரும் சொல்வதில்லை. அவனும் கேட்டதில்லை. மாகிரட் கண்டது மற்றப் பக்கம். இரண்டாயிரத்து ஆறில் இலங்கைத்துறையில் தாய்வீட்டில் இருந்தபோது ஷெல் விழ விழ, சின்னப்பிள்ளையாயிருந்த மெல்ரோயை இழுத்துக்கொண்டு வெருகல் பக்கம் ஓடியவள் அவள். மகன் ஆட்டிலறிக்குத் தெரிவானபோது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டை மட்டும் மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பங்கர் இடிந்த அந்த நாளில் ஒன்றும் அவனுக்கு மறக்கவில்லை. விடியலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மரவரிசைக்கு மேலே ட்ரோன் வந்து நின்றது. தேனீக்கூடு கலைந்த மாதிரி அதன் சத்தம். நஸ்ரி முதலில் பங்கருக்குள் இறங்கினான். மெல்ரோய் படியில் கால் வைக்க முன்னமே எதிர்ப்பக்கத்து ஷெல் விழுந்தது. எழும்பிப் பார்த்தபோது பங்கர் இருந்த இடத்தில் மண்ணும் முறிந்த மரக்குற்றிகளும்தான் இருந்தன. தோளால் இரத்தம் ஓட ஓட, ஒற்றைக் கையால் மண்ணைக் கிண்டினான். "நஸ்ரி! டேய் நஸ்ரி!" தொண்டை கிழியக் கத்தினான். பிறகு மரக்குற்றியில் காதை வைத்துக் கேட்டான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

ஆனால் அந்த நேரம் தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. இதைத்தான் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவன் எழும்பி விறாந்தைக்கு வந்தான். நிலுஷா உப்புவெளி ஹொட்டலில் பின்னேர வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள்.

"அம்மா, அது நஸ்ரிதான்."

மாகிரட் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்பிடி?"

"நீ வீடியோவப் பார்க்கேக்க நான் உன்னைத்தான் பார்த்தனான்."

"அப்ப ஏன் என்ர தோளைப் பிடிச்சனீங்கள்?"

"பிடிக்காட்டி நீ சொல்லியிருப்பாய்." இப்போதுதான் கத்தி நின்றது. "சொன்னா லோயர் வருவா, பத்திரிகைக்காரன் வருவான், அமைச்சுக்குப் போகும். நீதான் சாட்சியெண்டு உன்ர பேர் முதல்ல போகும். அடுத்த நாள் ஆமி வந்து விலங்கு போடும். அவ்வளவு தூரத்தில இருந்து தப்பி வந்த பிள்ளையை நான் என்ர கையால பிடிச்சுக் குடுக்கிறதோ?"

"அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே அம்மா."

"ஓம். அவனுக்கு ஒண்டு நடந்தா நான் அந்தத் தாயிட்டைப் போய் மன்னிப்புக் கேப்பன். உனக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்டைப் போறது?"

நிலுஷா தன் ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"போடு. கண்ணாடியை இறக்கிவிடு. நான் அப்பாட பழைய ஹெல்மெட்டைப் போடுறன்."

"நிலுஷா!" மாகிரட் கத்தினாள்.

"அம்மா, இவன் இந்த வீட்டுக்கு வந்த நாள்தொட்டு நான் இவனோட கதைக்கேல்லை. கதைக்க இவன் இஞ்ச இல்லை. அந்தப் பங்கரடியிலதான் நிக்கிறான். போய் அந்தப் பிள்ளை றிஷானாவுக்கு உண்மையைச் சொல்லட்டும்."

மாகிரட் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "போகாத எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனா கேற்றை நான் திறக்கமாட்டன்."

வேலைக்குப் போய்வர நிலுஷாவிடம் இன்னொரு திறப்பு இருந்தது. அவளே திறந்தாள்.

*

கண்டி வீதியால் ஸ்கூட்டர் போனது. கன நாளுக்குப் பிறகு வெயில் பட்டதில் மெல்ரோய்க்குக் கண் கூசியது. சீனக்குடாப் பக்கம் திரும்பியதும் விமான ஓடுபாதையிலிருந்து சின்னப் பயிற்சி விமானமொன்று மேலெழும்பியது. அதன் இரைச்சல் ஹெல்மெட்டுக்குள் வந்த கணத்தில் அவன் உடம்பு தன்பாட்டில் சுருண்டது. ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்து குதிக்கப் பார்த்தான். நிலுஷா ஒரு கையால் அவன் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நிறுத்தினாள்.

"பிளேன் அண்ணா. பழகிற பிளேன். சின்ன வயசில நீ எனக்குக் காட்டினதுதானே."

அவன் தலையாட்டினான். ஆனால் விமானம் கப்பல்துறைப் பக்கம் போய் மறையும்வரை அவனால் தலை நிமிர்த்த முடியவில்லை.

கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் பொலிஸ் நின்றது. வரிசையில் முன்னால் நின்ற லொறியைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்கூட்டரைக் கையசைத்துப் போகவிட்டார்கள். பாலத்தின் நடுவில்தான் நிலுஷா மூச்சு விட்டாள்.

ஆதம்பாவா வீட்டில் அவர்களைக் கண்டதும் றிஷானாவின் தாய் ஸாலிஹா சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க மகன்" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. மெல்ரோய் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நடு அறையின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டார்கள்.

"மகள் உள்ளுக்கு இரிக்காள்," என்றார் ஆதம்பாவா. "வெளியில வர ஏலாது. கதவோட கதையுங்க."

மெல்ரோய் கதிரையைத் திருப்பிப் போட்டு, கேட்கிற காதைக் கதவில் சாய்த்தான். மரம் காதில் பட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"அண்ணன்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். சின்னக் குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "வாப்பாட்ட தெரியல்ல எண்டு சொன்னீங்களாம்."

"ஓம் தங்கச்சி."

"நான் ஒண்டு கேக்கிறன். அவர்ட மையத்த நீங்க கண்ணால கண்டீங்களா?"

"இல்லை. மண் மூடியிருந்தது."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டனான்."

"அவர் ஒண்டும் சொல்லல்லியா?"

பக்கத்தில் நிலுஷா நின்றாள், ஆதம்பாவா நின்றார். ஒருவரும் அவனுக்கு உதவ முடியாது.

"சொல்லியிருப்பான்," என்றான் மெல்ரோய். "உள்ளுக்கிருந்து கத்தியிருப்பான். எனக்குத்தான் கேக்கேல்லை தங்கச்சி. அண்டைக்கு எனக்குக் காதே இல்லை. கேக்காததை வைச்சுக்கொண்டு செத்திட்டான் எண்டு வந்து சொல்லிட்டன். உசிரோட மண்ணுக்குள்ள இருந்தவனை உக்ரைன்காரன் தோண்டியெடுக்க விட்டிட்டு வந்திட்டன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள்: "வீடியோவில இரிக்கிறது அவரா?"

"ஓம். பெருவிரலைப் பாருங்கோ. நகம் இராது. பீரங்கியில நெரிபட்டது. நான்தான் பிடுங்கினனான். அது நஸ்ரி."

உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். அலுமாரிக் கதவு திறந்து மூடியது. பிறகு அறைக் கதவு திறந்தது. மெல்ரோய் திடுக்கிட்டு எழும்பித் தலையைக் குனிந்துகொண்டான்.

றிஷானா வெள்ளையைக் கழற்றிவிட்டு நீலச் சட்டை போட்டு, முக்காடிட்டு நின்றாள். மெலிந்து நிறம் மங்கியிருந்தாள். ஸாலிஹா, "அல்லாஹ், மகள், கணக்கு இன்னும் முடியல்லியே" என்று பதறினா.

"உசிரோட இரிக்கிற மனிசனுக்கு இத்தா இல்ல உம்மா," என்றாள் றிஷானா. பிறகு மெல்ரோயின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒங்களோட எனக்குக் கோவம் இரிக்கி அண்ணன். அவர் வந்தாப் பிறகு அதப் பாத்துக்கொள்ளுவம். இப்ப லோயருக்குக் கோல் எடுங்க வாப்பா."

லோயர் அசனா கொழும்பிலிருந்து பேசினா. மெல்ரோய் முழுப்பெயரும் படைப்பிரிவும் சொன்னான். அவ குறுக்கிடாமல் கேட்டா.

"போன்ல சொன்னது போதாது," என்றா கடைசியில். "சத்தியக்கடதாசியில உங்கட கையெழுத்து வேணும். அது இருந்தாத்தான் இவர் எங்கட ஆள் எண்டு நான் கேக்கலாம். நான் நாளைக்குக் காலையில அங்க வாறன். அதுக்கிடையில உங்களப் பிடிச்சிட்டா உங்களச் சந்திக்கவே எனக்கு நாள் எடுக்கும். அந்த நாளுக்குள்ள கைதியள மாத்திருவாங்கள். நாளைக்கு வரைக்கும் பத்திரம்."

போனை வைத்ததும் நிலுஷாவின் போன் அடித்தது. மாகிரட்.

"அண்ணாட்டைக் குடு." மெல்ரோய் இடது காதில் வைத்தான். தாய் மூச்சிரைக்கப் பேசினாள். "வந்திட்டாங்கள். உள்ள வந்து உன்ர அறையைப் பார்த்திட்டாங்கள். நீ காயத்துக்குப் போடுற குளிசையெல்லாம் எடுத்துக்கொண்டு போறாங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஸ்கூட்டர் எங்க எண்டு கேட்டவங்கள், நம்பரும் தெரியும். பாலத்தடிக்குச் சொல்லியிருப்பாங்கள். வீட்டுப் பக்கம் வராத தம்பி."

"அம்மா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் போய்ச் சரணடையிறன். அதோட முடிஞ்சிடும்."

"ஏலாது!" என்றாள் றிஷானா. அந்த வீடே அவளைத் திரும்பிப் பார்த்தது. "இவ்வளவு நாளும் ஒங்களுக்காக ஒளிச்சீங்க அண்ணன். இந்த ஒரு ராவு அவருக்காக ஒளியுங்க."

மெல்ரோய் போனை நிலுஷாவிடம் நீட்டினான்.

நிலுஷா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூதூர்ப் பக்கமாய்ப் போனாள். அது இந்த வளவில் நிற்கக்கூடாது, பாலத்தாலும் திரும்ப முடியாது. "என்னை மறிச்சா வேலைக்குப் போன வழியில சிநேகிதி வீட்டை வந்தனான் எண்டுவன்," என்றாள். போகும்போது அண்ணனின் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள்.

ஸாலிஹா நடு அறையைக் காட்டினா. ஒரு பாய், ஒரு தண்ணீர்க் கூசா, மூடிய யன்னல். மெல்ரோய் உள்ளே போனான். ஒரு பின்னறையிலிருந்து வெளிக்கிட்டு இன்னொரு அறைக்குள் வந்திருந்தான். கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது.

பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்த கையோடு ஆதம்பாவா ஓடிவந்தார். "ஜீப் ஒண்டு சந்தியில நிண்டு நஸ்ரிட பொஞ்சாதிட வீடு எது எண்டு கேக்குதாம்."

றிஷானா ஒரு கணம்தான் யோசித்தாள். கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சீலையை இழுத்து நீலச் சட்டைக்கு மேலே சுற்றினாள். முகத்தை மூடினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தாள். புருசன் உயிரோடிருக்கிறான் என்று அறிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவனுக்காகவே மறுபடி விதவையாய் இருக்கவேண்டி வந்தது. அறைக்குள் கதவுப் பலகையில் இடது காதை வைத்திருந்த மெல்ரோய்க்கு அவளுடைய முதுகின் பாரம் தெரிந்தது.

ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் வாசல்வரை வந்தது.

"உள்ள வர ஏலாது மகன்," என்று ஸாலிஹா சொல்வது கேட்டது. "என்ட மகள் இத்தா இரிக்காள். புருசன் மவுத்து. பாருங்க, வெள்ளையோட இரிக்கிற பிள்ளைய."

சத்தம் நின்றது. சிங்களத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்தார்கள். போய்விடுவார்கள் போலிருந்தது.

பிறகு ஒருவன் உடைந்த தமிழில், மரியாதையாகவே கேட்டான்:

"அம்மா, அப்ப வாசல்ல இருக்கிற இந்தப் பெரிய சப்பாத்து யார்ட?"

அறைக்குள் மெல்ரோய் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான்.